வெவ்வேறு சமூகத் திருமணங்களில் மணப்பெண் மேக்கப்: முதல் போனிலிருந்து கடைசி டச்சப் வரை

என்னிடம் உதவியாளராக வரும் பெண்கள் பெரும்பாலும் மேக்கப் கோர்ஸ் முடித்துவிட்டுத்தான் வருகிறார்கள். ஐஷேடோ கலக்கத் தெரியும், கான்டூர் போடத் தெரியும். ஆனாலும் முதல் ஐயர் கல்யாணத்தில் ஊஞ்சல் முடிவதற்குள் லிப்ஸ்டிக் போய்விடுகிறது. முதல் தெலுங்குக் கல்யாணத்தில், உச்சந்தலையில் ஆசையாக எழுப்பிய பஃப் மேல் சீரகமும் வெல்லமும் வந்து உட்காருகிறது. முதல் நிக்காஹில் மேக்கப் முழுக்க முடிந்த பிறகு, "அக்கா, நான் ஒளு செய்யணும்" என்கிறாள் மணப்பெண். தொழுகைக்கு முன் முகம், கை, கால் கழுவுவதுதான் ஒளு.

இதில் கைவேலையில் ஒரு குறையும் இல்லை. அன்று அந்த முகத்தையும் தலையையும் எதெல்லாம் தொடப்போகிறது, எத்தனை மணிக்குத் தொடப்போகிறது என்று முன்னாலேயே கேட்கவில்லை. தண்ணீர், நெய்ப்புகை, மஞ்சள், குங்குமம், முக்காடு, மாலை, கண்ணீர் எல்லாம் வரும். நான் சென்னையில் வேலை செய்கிறேன். ஒரே மாதத்தில் மயிலாப்பூரில் ஒரு மடிசார், சௌகார்பேட்டையில் ஒரு லெஹங்கா, ராயப்பேட்டையில் ஒரு நிக்காஹ் என்று வரும். எல்லாவற்றுக்கும் நான் பின்பற்றும் வரிசை இதுதான்.

1. சடங்கு வரிசையைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்

முதல் போனில் தேதி, மண்டபம், எத்தனை பேருக்கு மேக்கப் என்பதோடு பேச்சு முடிந்துவிடும். இரண்டு நாள் கழித்து இன்னொரு போன் போடுங்கள். இந்த முறை பெண்ணின் அம்மாவிடமோ அத்தையிடமோ பேசுங்கள். பல சடங்குகள் மணமேடையில் ஏறும் வரை பெண்ணுக்கே தெரியாது, வீட்டுப் பெரியவர்களுக்குத்தான் தெரியும்.

நான் கேட்பவை:

- நலங்கு அல்லது ஹல்தி என்றைக்கு? முகத்திலும் கழுத்திலும் மஞ்சள் பூசுவார்களா?
- கல்யாணத்தன்று தலைக்குக் குளிக்க வேண்டுமா? எண்ணெய் வைப்பார்களா?
- தலையில் எதையாவது வைப்பார்களா, ஊற்றுவார்களா, போர்த்துவார்களா?
- நடுவில் புடவை மாற்றுவது உண்டா? அதற்கு எத்தனை நிமிடம் கிடைக்கும்? கட்டிவிடுவது யார்?
- ஹோமம் உண்டா? திறந்த இடமா, ஏசி மண்டபமா?
- மேடையில் பெண் எதையாவது சாப்பிடுவாளா?
- தொழுகை, ஜெபம், கோயில் தரிசனம் எதுவும் இடையில் இருக்கிறதா?
- எந்தப் பொருள், எந்த அலங்காரம் வேண்டாம்?

சமூகத்தின் பெயரைக் கேட்டவுடன் பதில் தெரிந்துவிட்டதாக நினைக்காதீர்கள். ஒரே சமூகத்தில் மதுரைப் பக்கம் ஒரு வழக்கம், கோயம்புத்தூர்ப் பக்கம் இன்னொன்று. இப்போது கலப்புத் திருமணங்களும் நிறைய. காலையில் மாங்கல்யம், மாலையில் சிந்தூர் என்று இரண்டு வீட்டுச் சடங்கும் ஒரே நாளில் வரும். ஆகவே இரண்டு வீட்டாரிடமும் கேளுங்கள்.

2. நேரத்தைப் பின்னாலிருந்து கணக்குப் போடுங்கள்

புதியவர்கள் "மூணு மணிக்கு ஆரம்பிச்சா போதும்" என்று குத்துமதிப்பாகச் சொல்லிவிடுகிறார்கள். மேடையேறும் நேரத்தை வைத்துக்கொண்டு பின்னோக்கி வர வேண்டும்.

முகூர்த்தம் 6 முதல் 7.30 என்றால் பெண் 5.45க்கு மேடைக்குத் தயாராக இருக்க வேண்டும். புடவையும் நகையும் 45 நிமிடம். மேக்கப் 60. ஜடையும் பூவும் 45. தோலைத் தயார் செய்ய 20. யாராவது கதவைத் தட்டி ஆசீர்வாதம் செய்ய வருவார்கள், ரவிக்கைக் கொக்கி அறுந்துபோகும், அதற்கு ஒரு 20. மொத்தம் 3 மணி 10 நிமிடம். அப்படியானால் 2.30க்கே பெண் நாற்காலியில் இருக்க வேண்டும்.

தலைக்குக் குளித்துவிட்டு வந்தால் இந்தக் கணக்கும் போதாது. இடுப்பு வரை நீண்ட முடியை டிரையர் வைத்து உலர்த்தவே 40 நிமிடம் பிடிக்கும். ஈர முடியில் சூடான கர்லரை வைத்தால் முடி பொசுங்கும், சுருளும் நிற்காது. எண்ணெய் இருந்தால் சவுரியும் பின்னும் வழுக்கும். இதைப் பெரியவர்களிடம் மரியாதையாகச் சொன்னால் கேட்டுக்கொள்கிறார்கள். முந்தின நாள் மதியமே தலைக்குக் குளித்துவிடலாம், விடியற்காலையில் சாங்கியத்துக்கு உச்சியில் ஒரு சொட்டு எண்ணெய் வைத்து உடம்புக்கு மட்டும் குளிக்கலாம் என்று நான் கேட்பேன். பெரும்பாலான வீடுகளில் சரி என்பார்கள். சம்மதிக்காவிட்டால் அவர்கள் வழக்கப்படியே நடக்கட்டும், நீங்கள் ஒரு மணி நேரம் முன்னால் போய்விடுங்கள்.

தமிழ்நாட்டில் பல வீடுகளில் ரிசப்ஷன் முந்தின நாள் மாலையே முடிந்துவிடும். பெண் படுக்கப் போக 11 மணி ஆகிவிடும். அந்த மேக்கப்பை எடுத்துவிட்டுத் தூங்கச் செய்வதும் உங்கள் வேலைதான். கிளென்சிங் ஆயிலையும் பஞ்சையும் கையில் கொடுத்து விட்டுவிடாமல் நீங்களே எடுத்துவிடுங்கள். கண் மை பாதி தங்கிய இமையில் காலையில் எதுவும் ஒட்டாது.

3. டிரையலும் தோல் சோதனையும்

டிரையலை, அதாவது ஒத்திகை மேக்கப்பை, நலங்குக்கு முன்னால், பகல் வெளிச்சத்தில் வையுங்கள். கல்யாணத்துக்கு ஒரு மாதம் முன்னால் என்றால் நல்லது. புருவம், பரு, பிக்மென்டேஷன் எதற்காவது டாக்டரைப் பார்க்க வேண்டியிருந்தால் நேரம் இருக்கும்.

ஐலாஷ் பசை, ஃபவுண்டேஷன், பொட்டுப் பசை மூன்றையும் காதுக்குப் பின்னாலோ முழங்கையின் உள்பக்கத்திலோ துளி வைத்து 48 மணி நேரம் பார்க்கச் சொல்லுங்கள். சில லாஷ் பசைகளில் லேடெக்ஸ் இருக்கும், அது ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு இமை வீங்கிவிடும். அப்புறம் "பிளாக் மெஹந்தி" வைக்கப்போகிறாளா என்றும் கேளுங்கள். அதில் முடிச் சாயத்தில் போடும் பிபிடி என்ற ரசாயனத்தைக் கலப்பது உண்டு. கல்யாணத்துக்கு முந்தின நாள் கை கொப்பளித்துப்போனால் எந்த மேக்கப்பும் உதவாது. சாதாரண மருதாணி போதும் என்று அழுத்திச் சொல்லுங்கள்.

டிரையல் முடிந்ததும் ஃபிளாஷ் போட்டு ஒன்று, போடாமல் ஒன்று, ஜன்னல் ஓரத்தில் ஒன்று என்று மூன்று படம் எடுங்கள். ஃபிளாஷ் படத்தில் முகம் மட்டும் வெள்ளையாகத் தெரிந்தால், சன்ஸ்கிரீனில் உள்ள ஸிங்க் ஆக்ஸைடு, டைட்டானியம் டையாக்ஸைடு அல்லது சிலிகா பவுடர் காரணமாக இருக்கும். கண்ணாடியில் இது தெரியவே தெரியாது. ஆல்பம் வந்த பிறகுதான் தெரியும்.

4. பெட்டியில் இருக்க வேண்டியவை

பிராண்டுகளைப் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். அதைவிட ஃபவுண்டேஷனில் மாநிறத்துக்கும் கறுப்புக்கும் குறைந்தது ஐந்து ஷேடாவது வைத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். மஞ்சள் சாயல், சிவப்புச் சாயல் இரண்டும் வேண்டும். கருமையை அடக்கும் ஆரஞ்சு, பீச் கரெக்டர்கள் கட்டாயம்.

மேக்கப் அல்லாத சாமான்கள்தான் புதியவர்களிடம் இருப்பதில்லை: எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், சார்ஜ் ஏற்றிய விளக்கு, ஊசி நூல், ஊக்கு இரண்டு அட்டை, கொண்டை ஊசி, ஸ்ட்ரா, பேப்பர் ஃபேன், வெள்ளைத் துண்டு. மண்டபத்து மணமகள் அறையில் மஞ்சள் பல்பு ஒன்றும், கட்டிலுக்குப் பின்னால் ஒரே ஒரு பிளக்கும்தான் இருக்கும். மஞ்சள் வெளிச்சத்தில் போட்ட சிவப்பு, வீடியோ விளக்கில் இரண்டு மடங்காகத் தெரியும். அதனால்தான் விளக்கைச் சொந்தமாகக் கொண்டுபோகச் சொல்கிறேன்.

சுத்தத்தில் சமரசமே வேண்டாம். பிரஷ்களை ஒவ்வொரு முகத்துக்கும் 70 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் துடையுங்கள். லிப்ஸ்டிக்கைத் தட்டில் வழித்து எடுத்துப் போடுங்கள். மஸ்காராவுக்கு ஒருமுறை பயன்படுத்தும் குச்சி. ஒரே காஜலைப் பெண்ணுக்கும் நாத்தனாருக்கும் சித்திக்கும் போட்டால் மெட்ராஸ் ஐ ஒரு வீட்டையே சுற்றி வரும்.

5. முகத்தைத் தொடும் முன் ரவிக்கை

பல மணப்பெண் ரவிக்கைகளுக்குக் கொக்கி இருந்தாலும், தலைவழியாகப் போடும் சில மாடல்களும் வருகின்றன. மேக்கப் முடிந்த பிறகு அதை மாட்டினால் கழுத்துப்பட்டி முழுக்க ஃபவுண்டேஷன்தான். எனவே முதலில் ரவிக்கையும் பாவாடையும் போடச் சொல்லி, மேலே துண்டை விரித்துக் கட்டிவிடுங்கள்.

அதற்கு அப்புறம் தோல், முடிக்குச் சூடு கொடுப்பது, மேக்கப், ஜடை, பூ, புடவை, நகை, கடைசியாக உதடு. மேக்கப்புக்கு முன்பே முடிக்குச் சூடு கொடுப்பது, டிரையர் காற்றில் பேஸ், அதாவது முகத்தின் அடிப்பூச்சு, வெடிக்காமல் இருப்பதற்காக. பூவைப் புடவைக்கு முன்னால் வைப்பது, ஈர நாரிலிருந்து சொட்டும் தண்ணீர் பட்டில் விழாமல் இருப்பதற்காக. பூவை முந்தின நாள் மாலையே மொட்டாக வாங்கி, ஈரத் துணியில் சுற்றி வைத்துவிடுங்கள். காலை 3 மணிக்குப் பூக்காரம்மாவைத் தேடிப் போக முடியாது.

6. மஞ்சள் ஏறிய தோலைத் தயார் செய்வது

எனக்குப் புரிய அதிக நாள் எடுத்தது இந்தப் படிதான். நான் ஆரம்பித்த வருடத்தில் ஒரு பெண்ணுக்கு டிரையலில் ஷேடு அப்படியே பொருந்தியது. கல்யாணத்தன்று அதே பாட்டிலைத் திறந்து, அதே அளவில் போட்டேன். முகம் சாம்பல் பூத்த மாதிரி இருந்தது. விளக்கைத் திருப்பிப் பார்த்தால் கழுத்து, தோள், காது மடல் எல்லாம் பொன்மஞ்சள். முந்தின நாள் நலங்கில் அத்தைமார் ஆசை தீரப் பூசியிருந்தார்கள். கழுத்துக்குப் பக்கத்தில் என் ஷேடு செத்துப்போய்க் கிடந்தது. மஞ்சள் சாயல் ஃபவுண்டேஷனை இரண்டு சொட்டு கலந்து, முதலிலிருந்து போட்டேன். 25 நிமிடம் போனது.

மஞ்சளின் நிறம் எண்ணெயில்தான் கரையும், தண்ணீரில் அவ்வளவாகக் கரையாது. அதனால் நலங்கு முடிந்ததும் தேங்காய் எண்ணெயோ கிளென்சிங் ஆயிலோ தடவி, இரண்டு நிமிடம் தேய்த்து, மென்மையான ஃபேஸ்வாஷால் கழுவச் சொல்லுங்கள். காரமான குளியல் சோப்பு வேண்டாம். காரம் பட்டால் மஞ்சள் செம்பழுப்பாக மாறும். சுண்ணாம்பு சேர்த்து ஆரத்தி கரைக்கும்போது தண்ணீர் சிவக்கிறதே, அதே விஷயம்தான். சோப்புப் போட்டுத் தேய்த்துவிட்டு, "முகம் சிவந்துபோச்சு, அலர்ஜியா?" என்று பயந்து போன் செய்தவர்கள் உண்டு.

இவ்வளவு செய்தும் கொஞ்சம் மஞ்சள் தங்கும், தங்கட்டும். அன்று காலை ஷேடைத் தாடையில் பார்க்காதீர்கள், கழுத்துக்கும் நெஞ்சுக்கும் பொருத்திப் பாருங்கள்.

7. பேஸ் போடும்போது நிறத்தை மாற்றாதீர்கள்

"கொஞ்சம் கலரா காட்டிடும்மா" என்று ஏதாவது ஒரு பெரியம்மா கட்டாயம் சொல்வார். நான் போட மாட்டேன். அந்தப் பெண்ணின் நிறம் சரிசெய்ய வேண்டிய குறை இல்லை. வேலையாகப் பார்த்தாலும் அது நிற்காது. மருதாணிக் கை ஒரு நிறம், முகம் ஒரு நிறம் என்று ஒவ்வொரு படத்திலும் தெரியும்.

வாதாட வேண்டாம். கன்னத்தின் ஒரு பக்கம் சரியான ஷேடு, மறுபக்கம் அவர் கேட்ட ஷேடு போட்டு, ஃபிளாஷில் படம் எடுத்து அவரிடமே காட்டுங்கள். இதைப் பார்த்த பிறகு வெளுப்பைக் கேட்டவர் என் அனுபவத்தில் ஒருவரும் இல்லை.

கண்ணுக்குக் கீழே கருவளையத்தின் மேல் நேரடியாக வெளிர் கன்சீலர் போடுவது அடுத்த தவறு. நீலம் கலந்த கருமை மேல் வெளிர் நிறம் விழுந்தால் சாம்பலாகும். முதலில் ஆரஞ்சு கரெக்டரை மெல்லத் தட்டுங்கள், ஆரஞ்சு அந்த நீலத்தை அடக்கிவிடும். அதன் மேல் தோல் நிறக் கன்சீலர் கொஞ்சம் போதும். வாயைச் சுற்றியுள்ள கருமைக்கும் இதே முறைதான்.

சித்திரை, வைகாசியில் சென்னை மண்டபத்தில் வேர்வை கொட்டும். ஒரே தடிமனான அடுக்காகப் பூசினால் அது பாளமாக வழுக்கி வரும். மெல்லிய அடுக்கு, பவுடர், ஸ்ப்ரே, மறுபடி தேவையான இடத்தில் மட்டும் மெல்லிய அடுக்கு. மூக்கோரம், மேலுதட்டுக்கு மேல், மாலை உரசும் தாடை ஓரம் ஆகிய மூன்று இடத்திலும் பவுடரை அழுத்தி வையுங்கள்.

8. சடங்குக்கு ஏற்ற மாற்றங்கள்

இதுவரை சொன்னது எல்லோருக்கும் பொது. இனி வருவது அந்தந்த மேடைக்கு.

தமிழ் இந்துத் திருமணம்

ஹோமப் புகைதான் முதல் எதிரி. பெண் அதற்கு எதிரே ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்திருப்பாள், கண் கட்டாயம் கலங்கும். கீழ் இமையின் உள்விளிம்பில் மெழுகுத் தன்மையுள்ள காஜலை அப்பாதீர்கள். ஜெல் பென்சிலால் மெல்லிய கோடு போட்டு, அதன் மேல் கறுப்பு அல்லது பழுப்பு ஐஷேடோவை அழுத்துங்கள். மஸ்காரா வாட்டர்புரூஃப். முழு நீள லாஷ் பட்டையைவிடத் தனித்தனிக் கொத்து நல்லது, ஒன்று விழுந்தாலும் தெரியாது.

முகூர்த்தப் புடவையை மேடையில் கொடுத்து மாற்றி வரச் சொல்லும் வழக்கம் பல சமூகங்களில் உண்டு. 15 நிமிடம் கிடைக்கும். கழற்ற வேண்டிய நகைகளை எந்த வரிசையில் கழற்றுவது என்று உதவியாளரிடம் முன்பே சொல்லிவையுங்கள். ஒட்டியாணம், பிறகு ஆரம், பிறகு ஊக்குகள். நெற்றிச்சுட்டியையும் ஜடையையும் தொடக்கூடாது.

வகிட்டில் குங்குமம் வைக்கும்போது மூக்கின் மேல் கொட்டும். ஈரத் துணி பட்டால் சிவப்புக் கறை பேஸில் ஊறிவிடும். காய்ந்த விசிறி பிரஷால் கீழ்நோக்கித் தட்டிவிடுங்கள்.

ஐயர், ஐயங்கார் திருமணம்

மாலை மாற்றும்போது மாமன்மார் பெண்ணைத் தூக்குவார்கள், ஜடை குலுங்கும். ஜடைநாகம், ராக்கொடி, சூரியப்பிறை, சந்திரப்பிறை எல்லாவற்றையும் முடியோடு நூலால் தைத்துவிடுங்கள், பின் மட்டும் போதாது. ஊஞ்சலில் பாலும் பழமும் கொடுப்பார்கள். ஒட்டாத மேட் லிப்ஸ்டிக் போட்டாலும், ஊஞ்சல் முடிந்ததும் உதட்டைத் திரும்பப் பார்க்க வேண்டும்.

கூறைப்புடவைக்கு முன்னால் பெண்ணின் தலையில் தர்ப்பை வளையமும் நுகத்தடியும் வைத்துத் தண்ணீர் விடுவார்கள். ஹேர்ஸ்ப்ரே நிறைய அடித்திருந்தால் அந்தத் தண்ணீர் பிசுபிசுவென்று நெற்றிக்கு வழியும். உச்சியில் ஸ்ப்ரேயைக் குறைத்து, நெற்றியின் மேல்விளிம்பில் பேஸை மெல்லியதாக வையுங்கள். அடுத்தது மடிசார். கட்டிவிட வீட்டு மாமிகள் இருப்பார்கள், நீங்கள் பக்கத்தில் நின்று நகையை மட்டும் பாருங்கள். ஆண்டாள் கொண்டை கேட்டால் அதற்கு மட்டும் தனியாக ஒரு டிரையல் வையுங்கள். ஒரு பக்கமாகச் சாயும் எடையைத் தாங்க அடியில் பின்னல் போட வேண்டும்.

தெலுங்குத் திருமணம்

ஜீலகர்ர பெல்லம், அதாவது சீரகமும் வெல்லமும் அரைத்த விழுதை மணமக்கள் ஒருவர் தலையில் ஒருவர் வைப்பார்கள். உச்சந்தலை தட்டையாக, நேர் வகிடாக இருக்கட்டும். பிறகு தலம்பிராலு வரும், மஞ்சள் அரிசியைத் தலை வழியக் கொட்டுவார்கள். பளபளப்பான ஈர ஃபினிஷ் போட்டிருந்தால் அந்த மஞ்சள் தூள் கன்னத்தில் ஒட்டிக்கொள்ளும். மேட் ஃபினிஷ் போடுங்கள்.

நெற்றியில் பாசிகம் என்னும் பட்டத்தைக் கட்டுவார்கள். அதன் கயிறு தலையைச் சுற்றிப் போகும் என்பதால் பெரிய நெற்றிச்சுட்டி வேண்டாம் என்று நகை வாங்கும் முன்பே சொல்லுங்கள். கல்யாண திலகமும் கன்னத்துப் பொட்டும் பேஸ் நன்றாக செட் ஆன பிறகே வரைய வேண்டும். மதுபர்க்கத்துக்கு வெள்ளைப் புடவை மாற்றுவார்கள், தோளில் பூசிய ஷிம்மர் அதில் ஒட்டும்.

மலையாளத் திருமணம்

இங்கே கை அடங்க வேண்டும். கசவுப் புடவை, தங்கம், முல்லைப்பூ, கண்ணுக்கு மை, நெற்றியில் சந்தனம். முகத்தில் தோல் தெரிய வேண்டும். குருவாயூர் போன்ற கோயிலில் தாலி கட்டுவது சில நிமிடங்களில் முடிந்துவிடும், ஆனால் அதற்கு முன்னால் வெயிலில், கூட்டத்தில் காத்திருக்க வேண்டும். பவுடரும் டிஷ்யூவும் கையோடு இருக்கட்டும்.

முஸ்லிம் திருமணம்

ஒளுவில் தண்ணீர் தோலைத் தொட வேண்டும். எந்தத் தொழுகைக்கு ஒளு செய்யப்போகிறாள் என்று கேட்டு, அதை முடித்த பிறகு மேக்கப்பைத் தொடங்குங்கள். நெயில் பாலிஷ் வேண்டாம் என்பார்கள், காரணம் இதுதான். புருவம் எடுப்பதையும், முடியில் இன்னொரு முடி சேர்ப்பதையும் மார்க்கக் காரணத்தால் வேண்டாம் என்று சொல்லும் பெண்கள் உண்டு. எடுக்காத புருவத்தைச் சீவி, ஜெல்லால் படிய வைத்து, ஓரத்தில் கன்சீலரால் வடிவம் காட்டலாம். ஆல்கஹால் இல்லாத ஸ்ப்ரே கேட்டால் லேபிளைக் காட்டிவிட்டு அடியுங்கள்.

ஹிஜாப் கட்டும் பெண்ணுக்கு முதலில் உள்தொப்பி. அப்புறம் அதன் விளிம்பு வரை பேஸ். தொப்பி போடாமல் பேஸை முடித்தால் மாட்டும்போது நெற்றியில் கோடு விழும். காதும் முடியும் மறைவதால் முகம் வட்டமாகத் தெரியும், கன்னக் கான்டூரைக் கொஞ்சம் மேலே கொண்டுபோங்கள். அறைக்குள் ஆண்கள் வரக்கூடாது. உங்கள் உதவியாளரும் பெண்ணாக இருக்க வேண்டும். படம் எடுப்பதே கூடாது என்று சொன்னால் டிரையல் படம்கூட வேண்டாம்.

கிறிஸ்தவத் திருமணம்

வெள்ளை உடை, வெள்ளை வெய்ல், பகல் வெளிச்சம். வெள்ளைத் துணி வெளிச்சத்தைக் கீழிருந்து முகத்துக்குத் திருப்பும், கொஞ்சம் வெளுத்த பேஸும் உடனே தெரிந்துவிடும். ரோஸ், பீச் பக்கம் போங்கள். பொட்டு வைப்பதா என்று கேளுங்கள், வீட்டுக்கு வீடு மாறும். வெய்லின் சீப்பு நிற்க, கொண்டைக்கு மேலே குறுக்காக இரண்டு பின் போட்டு அதில் சொருகுங்கள்.

கேரள சிரியன் கிறிஸ்தவப் பெண் என்றால், மாப்பிள்ளை வீட்டார் தரும் மந்திரகோடி என்னும் பட்டுப்புடவையைத் தலை மேல் போர்த்துவார்கள். பட்டுச் சரிகையின் எடைக்கு டியாரா சரியும். அதற்குத் தாங்கும்படி கொண்டையைத் தாழ்வாகப் போடுங்கள்.

மார்வாடி, வங்காளித் திருமணம்

சௌகார்பேட்டைப் பெண்களுக்குச் சடங்கு பெரும்பாலும் இரவில். சிவப்பு லெஹங்காவும் மேடை விளக்கும் முகத்தை விழுங்கும், கண்ணையும் புருவத்தையும் அழுத்தமாகக் கட்டுங்கள். நடு வகிட்டில் போர்லா என்னும் உருண்டை நெற்றி நகை, பிறகு நத் என்னும் பெரிய மூக்கு வளையம். நத்தின் சங்கிலியை முடியில் மாட்டி எடையை அது தாங்கும்படி செய்யாவிட்டால், ஃபேரா, அதாவது அக்னியை வலம் வரும் சடங்கு, முடிவதற்குள் மூக்கு சிவந்து வலிக்கும். மூக்கு குத்தாதவளுக்குக் கிளிப் நத். அது உதட்டில் உரசும், உதடு நன்றாகக் காய்ந்த பிறகே மாட்டுங்கள்.

வங்காளிப் பெண்ணுக்கு நெற்றியில் புருவத்தின் மேல் வெள்ளைச் சந்தனக் கோலம். எண்ணெய் மினுக்கும் பேஸில் அது பொரிந்து உதிரும். அங்கே மட்டும் பவுடரை நன்றாக அழுத்தி, மெல்லிய பிரஷால் நடுவிலிருந்து ஓரத்துக்கு வரையுங்கள். மாப்பிள்ளை வகிட்டில் சிந்தூர் வைக்கும் சிந்தூர்தான் சடங்கில் மூக்கின் மேல் கொட்டும் தூளை நல்ல சகுனமாக நினைக்கிறார்கள். சுத்தமாக இருக்கட்டும் என்று என் உதவியாளர் ஒருத்தி ஓடிப்போய்த் தட்டிவிட்டாள், மாமியார் முகம் மாறிவிட்டது. தமிழ் மேடையில் தட்டிவிடுகிற அதே தூளை இங்கே தொடக்கூடாது.

9. மேடைக்குக் கீழே நின்று பார்ப்பது

மேக்கப் முடிந்ததும் பெட்டியை மூடிவிட்டுக் கிளம்பும் பழக்கம் வேண்டாம். தாலி ஏறும் வரையாவது இருங்கள். இருக்க முடியாவிட்டால் பெண்ணின் தோழியிடம் ஒரு சின்னப் பை கொடுத்துச் செய்து காட்டுங்கள்: டிஷ்யூ, பவுடர் பஃப், லிப்ஸ்டிக், ஸ்ட்ரா, பின்.

கண்ணீரைத் துடைக்கக்கூடாது. டிஷ்யூவை மடித்து, அதன் முனையை இமையோரம் ஒற்றினால் கண்ணீரை அதுவே குடித்துவிடும். வேர்வைக்கும் முதலில் ஒற்றல், பிறகுதான் பவுடர். ஈரத்தின் மேல் பவுடர் போட்டால் மாவாகத் திரளும். தாரை வார்க்கும்போது அப்பா அழுதால் பெண்ணும் அழுவாள், அந்த நேரம் தோழி பக்கத்தில் இருக்க வேண்டும் என்று முன்பே சொல்லிவிடுங்கள்.

10. பணமும் படமும்

பாதித் தொகையை முன்பதிவின்போதும், மீதியைக் கல்யாணத்துக்கு முந்தின நாளும் வாங்கிவிடுகிறேன். தாலி கட்டிய பிறகு அந்த வீட்டில் யாரிடமும் பணம் கேட்க முடியாது. எத்தனை முகம், எத்தனை புடவை மாற்றம், எத்தனை மணி வரை இருப்பேன், போக்குவரத்து யார் செலவு என்பதை வாட்ஸ்ஆப்பில் எழுதி அனுப்பி, "சரி" என்று பதில் வாங்குங்கள். "இந்த ரெண்டு சித்திக்கும் லேசா போட்டுவிடும்மா" என்று கேட்கும்போது அந்த மெசேஜ் உதவும். நேரம் இருந்தால் போடுங்கள், பெண்ணின் நேரத்திலிருந்து எடுக்காதீர்கள்.

நள்ளிரவு 1 மணிக்குக் கிளம்ப வேண்டியிருக்கும். தனியாகப் போகாதீர்கள். மண்டபத்திலேயே தங்க இடம் கேளுங்கள், அல்லது அவர்களே வண்டி அனுப்பட்டும்.

படத்தை உங்கள் சமூக ஊடகப் பக்கத்தில் போடும் முன் பெண்ணிடமே கேளுங்கள். அம்மா சரி என்று சொன்னது போதாது.

ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் இருக்காது. அந்த மாதங்களில் கல்லூரித் தோழி, பக்கத்து வீட்டுக்காரர் என்று தெரிந்தவர்களின் கல்யாண வீடியோக்களை முழுதாக உட்கார்ந்து பாருங்கள். ஹைலைட்ஸ் வேண்டாம், வெட்டாத முழு வீடியோ. எந்த நிமிடத்தில் யார் கை பெண்ணின் முகத்துக்கு வருகிறது என்று ஒரு நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். இதுவரை போகாத ஒரு சமூகத்திலிருந்து போன் வரும்போது, அடுத்தது என்ன கேட்க வேண்டும் என்று அந்த நோட்டைத் திறந்து பார்க்கலாம்.